முப்பந்தல் காத்தாடியும் மணவாளக்குறிச்சி மணலும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் செல்போனைத் தூக்குவார்கள். முப்பந்தல் காற்றாலைகள். எங்கள் பேச்சில் காத்தாடி. போட்டோ எடுப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழகிய கண்ணுக்கு மூன்று வயதுக்காரர்கள் தெரிவார்கள். 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டிகள், பிறகு வந்த நடுத்தரங்கள், இப்போது 2 மெகாவாட்டுக்கு மேல் போகும் நெட்டைகள். குட்டியின் தலை ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்தில் சுற்றும். புதியவை நூறு மீட்டரைத் தாண்டிவிட்டன.

அந்தக் கணவாயில் சில வருஷம் எந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். பழைய எந்திரத்தில் லிஃப்ட் எல்லாம் கிடையாது, ஏணிதான். ஏறி மேலே உட்கார்ந்திருக்கும்போது பல நாள் யோசித்திருக்கிறேன்: இப்படி ஒரு காடு இங்கே முளைக்கும் என்று முன்கூட்டியே சரியாகச் சொன்னது யார்? தேடிப் படித்தபோது கிடைத்த பதில் விநோதமானது. பெரிய படிப்பும் பெரிய பணமும் வைத்திருந்தவர்கள் முடிவைச் சரியாகச் சொல்லிவிட்டு, வழியில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் பணக்கார நாடுகள் காற்றின் பக்கம் திரும்பின. அமெரிக்காவில் நாசாவும், ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியும் ஒரே முடிவுக்கு வந்தன. காற்றாலை கட்டுப்படியாக வேண்டுமென்றால் அது மிகப் பெரியதாக இருக்க வேண்டும். கணக்கில் பிழையே இல்லை. இறக்கை வட்டத்தின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அதில் சிக்கும் காற்று நான்கு மடங்கு. உயரம் கூடக் கூட வேகமும் கூடும். ஜெர்மானியர்கள் நேரே 3 மெகாவாட்டுக்குத் தாவினார்கள். குரோவியான் என்று பெயர். நூறு மீட்டர் உயரம், நூறு மீட்டர் விட்டம், இரண்டே இறக்கை. 1983இல் நட்டார்கள். 1987 வரை அது ஓடியது மொத்தமே சுமார் 420 மணி நேரம். எங்கள் கணவாயில் நல்ல ஆடி மாதம் ஒன்றிலேயே ஒரு குட்டி எந்திரம் அதைத் தாண்டிவிடும். 1988இல் குரோவியானைப் பிரித்து இறக்கிவிட்டார்கள்.

அதே வருஷங்களில் டென்மார்க்கில் நடந்தது வேறு. ரீசாகர் என்ற தச்சர் 22 கிலோவாட் அளவில் காற்றாலை செய்து விற்றுக்கொண்டிருந்தார். வெஸ்டாஸ் அப்போது விவசாயத்துக்கான டிரெய்லரும் கிரேனும் செய்யும் கம்பெனி. நோர்ட்டாங்க் டேங்கர் லாரிக்குத் தொட்டி செய்யும் கம்பெனி. 1957இல் யோஹானஸ் யூல் என்பவர் கட்டிய மூன்று இறக்கை எந்திரம் ஒன்று அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. அதை வைத்துச் சின்னதாகச் செய்தார்கள், விற்றார்கள். உடைந்தது எது என்று பார்த்து அதை மட்டும் மாற்றினார்கள். அடுத்தது கொஞ்சம் பெரியது. 22, 55, 100, 200 என்று படிப்படியாக ஏறினார்கள். நான் கையில் ஸ்பானரோடு பழகிய பழைய எந்திரங்கள் அந்த டேனிஷ் குடும்பத்து வாரிசுகள்தான். இன்று உலகில் 3 மெகாவாட் காற்றாலை என்பது சாதாரணச் சரக்கு. ஜெர்மானியர் சொன்ன இடத்துக்குத்தான் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான சின்ன எந்திரங்களின் முதுகில் ஏறி வந்தார்கள்.

தொழில்நுட்பக் கணிப்புகளில் எது பலிக்கும், எது பலிக்காது என்பதில் எனக்கு இருக்கும் பாதி அறிவு இந்தக் கதையிலிருந்து வந்தது. ஒரு பொருளை எத்தனை தடவை செய்யப்போகிறார்கள்? இதைக் கேட்டால் விலையைப் பற்றிய கணிப்பு ஓரளவு கைக்கு வந்துவிடும். 1936இல் தியோடர் ரைட் என்ற அமெரிக்கர் விமானத் தொழிற்சாலைகளைப் பார்த்து ஒரு கணக்கு எழுதினார். அதுவரை செய்த மொத்த விமானங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. சூரியத் தகட்டின் விலையும் நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் கிட்டத்தட்ட அந்த விகிதத்தில்தான் சரிந்து வருகிறது. 1970களின் நடுவில் ஒரு வாட்டுக்கு, இன்றைய பண மதிப்பில், நூறு டாலர் அளவில் இருந்தது. இப்போது அரை டாலர்கூட இல்லை. கோடு போட்டுப் பார்க்கக் கூடிய கணக்குதான். அப்படியிருந்தும் சர்வதேச எரிசக்தி முகமை வருஷா வருஷம் சூரிய மின்சாரத்தின் வளர்ச்சியைக் குறைத்தே மதிப்பிட்டது. போன வருஷம் எவ்வளவு பேர் தகடு போட்டார்களோ வரும் வருஷமும் அதைச் சுற்றித்தான் இருக்கும் என்பதுபோல இருந்தன அந்த வரைபடங்கள். விலை இறங்கினால் வாங்குபவர் கூடுவார், வாங்குபவர் கூடினால் விலை இன்னும் இறங்கும். இந்தச் சுழற்சி கோட்டாறு சந்தைக்காரருக்கே தெரியும்.

சிப் விஷயத்தில் கார்டன் மூர் பேர் வாங்கியதும் இப்படித்தான். ஒரு சிப்பில் அடங்கும் பாகங்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் இரண்டு மடங்காகும் என்று 1965இல் எழுதினார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று 1975இல் தானே திருத்தினார், வண்டி ஓடியது. எண்ணிக்கை அப்படிப்பட்டது.

இப்போது கொஞ்சம் கிழக்கே போனால் கூடங்குளம். அது நெல்லை மாவட்டம் என்றாலும் எங்களுக்குப் பக்கத்து வீடு. அணு மின்சாரத்தைப் பற்றிய கணிப்புகளைப் போல மோசமாகத் தோற்றவை குறைவு, சொன்னவர்களோ சாதாரண ஆட்கள் இல்லை. 1954இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ், மீட்டர் வைத்து அளக்கவே தேவையில்லாத அளவுக்கு மின்சாரம் மலிவாகும் என்றார். இந்திய அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கி வைத்த நம்ம ஹோமி பாபா 1980க்குள் இந்தியாவில் 8,000 மெகாவாட் அணு மின்சாரம் இருக்கும் என்றார். 1980 வந்தபோது ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. 1955இல் ஜெனிவா அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிப் பேசியபோது, இன்னும் இருபது வருஷத்தில் அணுச்சேர்க்கை ஆற்றலை, அதாவது அணுக்கருக்களை இணைத்துப் பெறும் ஆற்றலை, கட்டுக்குள் வைத்து எடுக்க வழி பிறக்கும் என்றும் பாபா சொன்னார். எழுபது வருஷம் ஆகிவிட்டது, மின்சாரம் இன்னும் வரவில்லை. கூடங்குளம் ஒப்பந்தம் 1988இல் கையெழுத்தானது. முதல் உலை இயங்கத் தொடங்கியது 2013இல். நடுவில் ஒப்பந்தம் போட்ட சோவியத் நாடே காணாமல் போனது. ஊர் மக்களின் போராட்டம் வந்தது. ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து வந்தது.

பாபாவின் இயற்பியலில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அணு உலை என்பது ஒவ்வொன்றும் தனித்தனியாக, அந்தந்த மண்ணில், அந்தந்தச் சட்டத்துக்கும் அரசியலுக்கும் நடுவே கட்டப்படும் மலை. பத்து வருஷத்துக்கு ஒன்று கட்டினால் கற்றுக்கொண்ட ஆள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார். பிரான்ஸ் நாட்டில் வரிசையாக உலைகள் கட்டினார்கள், அங்கேயும் செலவு இறங்காமல் ஏறியது. எனக்குத் தெரிந்து முப்பந்தலில் ஒரு கியர்பாக்ஸ் போனால் அடுத்த வாரமே அதே வகை எந்திரம் வைத்திருக்கும் பத்துப் பேருக்குச் செய்தி போய்விடும். கற்றுக்கொள்ளும் வேகம் அதுதான்.

சரி, எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் தெரிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. முப்பந்தலில் காத்தாடி ஏன் 1990களில் வந்தது? காற்று பல்லாயிரம் வருஷமாக அடிக்கிறது. எந்திரமும் 1980களிலேயே தயார். வந்ததற்குப் பெரிய காரணம் வருமான வரி. காற்றாலை வாங்கிய நிறுவனம் அதன் முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அப்போது விதி இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளெல்லாம் இங்கே வந்து நிலம் தேடின. மார்ச் 31க்குள் எப்படியாவது எந்திரத்தை ஓட வைக்க வேண்டும் என்று ராத்திரி பகலாகக் கிரேன் நின்ற காலம் அது. காற்று சீசன் தொடங்குவது மே மாதம், அவசரம் மார்ச் மாதம்! கலிஃபோர்னியாவிலும் 1980களில் இதே கூத்து நடந்தது. அங்கே வரிச்சலுகை 1985இல் முடிந்ததும் அடுத்த வருஷமே டேனிஷ் கம்பெனிகள் நொடித்துப் போயின. எந்த எதிர்காலவியல் நிபுணரும் வருமான வரிச் சட்டத்தின் தேய்மான அட்டவணையைப் படித்துக்கொண்டு கணிப்புச் சொல்வதாகத் தெரியவில்லை. படித்தால் நல்லது.

அந்த வரியின் பலன் இன்னும் நிற்கிறது. மாநிலத்திலேயே நல்ல காற்று கிடைக்கும் இடங்களைப் பழைய குட்டிகள் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை இறக்கிப் பெரியதை நடுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே கொண்டுவர வேண்டியிருந்தது.

மீதிப் பாதிக்கு மேற்கே போக வேண்டும், மணவாளக்குறிச்சிக்கு.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டுபிடித்தார் என்பது வரலாறு. அந்த மணலைத் தேடித்தான் மணவாளக்குறிச்சிக் கரைக்கு ஆள் வந்தது. எதற்கு? வெளிச்சத்துக்கு. கேஸ் விளக்கின் மேண்டில் என்ற வலை 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்தது. ஐரோப்பாவின் தெருக்கள் அதில்தான் எரிந்தன. நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் அந்த வகைதான். தோரியம் மோனசைட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பாதிக்கு மேல் இருப்பது ‘ரேர் எர்த்’ என்று சொல்லும் அருமண் தனிமங்கள். அன்றைக்கு அவை பெரும்பாலும் வேண்டாத மிச்சம். மேண்டிலைக் கண்டுபிடித்த கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரிய வேதியியலாளரே அந்த மிச்சத்தை என்ன செய்வதென்று யோசித்து, 1903இல் லைட்டருக்கான தீப்பொறிக் கல்லைச் செய்தார். மணலில் ஏராளமாக இருந்த, டைட்டானியம் அடங்கிய கறுப்பு இல்மனைட் தாதுவையும் யாரும் சீந்தவில்லை. டைட்டானியத்திலிருந்து வெள்ளைப் பெயின்ட் செய்யும் வழி வந்த பிறகு, 1920களில் அது கப்பல் ஏறியது. கறுப்பு மணலிலிருந்து வெள்ளைச் சாயம்.

மின்சார விளக்கு வந்து மேண்டில் வியாபாரம் படுத்தது. மணலின் கதை முடிந்தது என்று 1930களில் ஒருவர் எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. பத்துப் பதினைந்து வருஷத்தில் அணு யுகம் பிறந்தது. தோரியத்துக்காக இந்த மணலின் ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. பாபாவின் மூன்று கட்ட அணு மின் திட்டத்தில், தோரியத்தை வைத்து ஓட வேண்டிய கடைசிக் கட்டம் முழுக்க இந்தக் கடற்கரையை நம்பி வரையப்பட்டது. இரண்டாம் கட்டத்துக்கான கல்பாக்கம் ஈனுலையை (செலவழிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) 2004இல் கட்டத் தொடங்கி 2010இல் ஓட்டுவோம் என்றார்கள். உலையின் உள்ளகத்தை நிரப்பும் வேலையே 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. தோரியம் காத்திருக்கிறது.

அதற்குள் இன்னொரு பக்கம் திரும்பிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக நியோடிமியம் காந்தம் கண்டுபிடிக்கப்பட்டது. நியோடிமியம் அந்தப் பழைய மிச்சத்தில் இருப்பது. முதலில் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஹெட்போனுக்கும் போனது, பிறகு மின்சார வண்டி மோட்டாருக்கும் சில வகைப் புதிய காற்றாலைகளுக்கும். 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இந்திய வாகனக் கம்பெனிகள் பதறின. ஆக, 1909இல் தோரியம் சரக்கு, அருமண் கழிவு. இன்று அருமண் சரக்கு, தோரியம் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டிய மிச்சம். கிள்ளியூர்ப் பக்கத்துக் கடலோர ஊர்களில் புதிய மணல் திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்டு நிற்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மணலுக்குள் என்ன இருக்கிறது என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே கிராம் சுத்தமாக எடை போட்டுச் சொல்லிவிட்டார்கள். அது எதற்கு ஆகும் என்பதை எந்தத் தராசும் சொல்லவில்லை.

‘எதற்கு’ என்ற இந்தக் கேள்வியில்தான் கணிப்புகள் அதிகம் கவிழ்கின்றன. முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 1964 நியூயார்க் கண்காட்சியிலேயே காட்டியது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அலுவலகக் கூட்டங்களுக்கு என்று நினைத்தார்கள். யாரும் வாங்கவில்லை. தனியாக ஒருவர் வைத்துக்கொண்டு யாரோடு முகம் பார்ப்பது? எங்கள் மாவட்டத்தில் அது வந்து சேர்ந்த விதம் வேறு. துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்கள் முதலில் குரலைக் கேசட்டில் பதிந்து, ஊருக்கு வரும் ஆள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு ஐஎஸ்டி பூத் வாசலில் வரிசை. பிறகு ஐமோ. இப்போது மார்த்தாண்டத்துப் பக்கம் கட்டும் வீடு எதுவானாலும், முதலாளி குவைத்தில் இருந்துகொண்டு கான்கிரீட் போடுவதை வீடியோ காலில் பார்க்கிறார். “அந்தக் கம்பிய கொஞ்சம் கிட்ட காட்டு மக்கா, எட்டு எம்எம்மா பத்து எம்எம்மா?” மேஸ்திரிக்குக் கோபம் வருகிறது. செத்த வீட்டிலிருந்து நேரடி ஒளிபரப்பும் உண்டு. இந்தப் பயன்களை எந்தக் கண்காட்சியிலும் யாரும் காட்டவில்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பை முடக்கி வைத்திருக்கிறார்கள் என்பதால் வேறு செயலி தேடும் வித்தை எங்கள் வீட்டுப் பெரியம்மாவுக்குக்கூட அத்துப்படி.

பழையது செத்துவிடும் என்ற கணிப்பு தனி வகை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்கா சில வருஷத்திலேயே செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டிவிட்டது. இனி மரத்தில் பால் வெட்டுவது எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1946இல் மிஷெலின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை எடுத்தது. அந்த வகை டயருக்கு, ஓடும்போது அதிகம் சூடேறாத இயற்கை ரப்பர் அதிகம் வேண்டும். ரேடியல் உலகம் முழுக்கப் பரவியதும், சரிந்துகொண்டிருந்த மரத்து ரப்பரின் பங்கு திரும்ப ஏறியது. விமான டயர் இன்றும் கிட்டத்தட்ட முழுக்க அதுதான். குலசேகரத்திலும் பேச்சிப்பாறையிலும் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் ஆளுக்கு இந்த மிஷெலின் கதை தெரிய வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த கணிப்பு வேறு. ரப்பர் கன்று நட்டால் வெட்டுக்கு வர ஏழு வருஷம். நடும் ஒவ்வொருவரும் ஏழு வருஷத்துக்கு அப்பால் உள்ள விலைக்குப் பந்தயம் கட்டுகிறார். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்துத் தென்னையை வெட்டிவிட்டுக் கன்று வைத்தவர்கள் உண்டு. 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய் பக்கம் கிடந்தது.

இந்த விவசாயிக்கும் டிவியில் வரும் நிபுணருக்கும் ஒரு வித்தியாசம். விவசாயியின் கணிப்புக்கு அவர் பாக்கெட்டிலேயே மதிப்பெண் விழும். வானிலைக்காரருக்கு மறுநாள் காலையிலேயே மார்க். தினமும் மார்க் வாங்குவதால்தான் அந்தத் துறை ஐம்பது வருஷத்தில் இவ்வளவு தேறியிருக்கிறது. தொழில்நுட்ப ஆரூடத்துக்கு முப்பது வருஷம் கழித்துத்தான் தேர்வு. அதற்குள் சொன்னவர் ஓய்வு பெற்றிருப்பார், கேட்டவர் மறந்திருப்பார்.

என் தங்கை மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஏஐ வந்தால் வேலை இருக்குமா என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனுக்குத் தெரிந்த பதில்களிலும் தேதி இல்லை. அப்படியானால் தேதி போட்டு ஏதாவது எழுதுவோம் என்று, நான் கொஞ்சம் அறிந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம். கடலுக்குள் காற்றாலை. கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் நடப்போகிறார்கள் என்று பேச்சு பல வருஷமாக இருக்கிறது. 2018இல் மத்திய அரசு வைத்த இலக்கு 2022க்குள் 5,000 மெகாவாட், 2030க்குள் 30,000. 2022 போய்விட்டது, ஒன்றுகூட நிற்கவில்லை. 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட், குஜராத்துக்கு 500.

நான் எழுதியது: 2035 டிசம்பர் 31 அன்று தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்டுக்கு மேல் இருக்காது. அதே நாளில் முப்பந்தலில் இப்போது நிற்கும் 250 கிலோவாட் குட்டிகளில் பாதிக்கு மேல் இறக்கப்பட்டிருக்கும். காரணமும் எழுதினேன். காற்றாலை எண்ணிக்கைச் சரக்குதான். ஆனால் கடலில் அதற்கு வேண்டிய அடித்தளம், பிரத்யேகக் கப்பல், துறைமுகம், கரைக்கு வரும் கேபிள் எல்லாம் இங்கே முதல் தடவை செய்யப்படுபவை. அந்தக் கடலில் தினமும் வலை வீசுபவர்களிடம் யாரும் ஒழுங்காக உட்கார்ந்து பேசியதாகவும் எனக்குத் தெரியவில்லை. வரி விதி ஏதாவது மாறினால் என் கணக்கு காலி, அதையும் ஓரத்தில் எழுதினேன்.

அவன் 2,000 என்று எழுதினான். சீனாவில் நடுகிற வேகத்தைப் பார்த்தீர்களா மாமா, விலை இறங்கினால் இங்கேயும் தானாக வரும் என்றான். என் வாதத்தையே எடுத்து என் மேல் போட்டான். பந்தயம் ஒரு குலை மட்டிப்பழம். கையெழுத்துப் போடும் முன் அவன் ஒன்று கேட்டான்.

“நட்டாப் போதுமா மாமா, ஓடணுமா?”

ஓடணும். சப்ஸ்டேஷன் மீட்டரில் யூனிட் ஏறணும். அதையும் எழுதிக்கொண்டோம்.